இலக்கம் போடாத சாக்கு

எங்கள் தொழிலில் ஒருவரை வீழ்த்தக் கத்தியோ பொல்லோ தேவையில்லை. பேனையின் மூடியைக் கழற்றாமல் இருந்தாலே போதும். ஒரு மனிதர் மூன்று வருடம் என் முன்னால் அப்படி இருந்தார். அதற்குப் பிறகு நான் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். பொறுத்தார் பூமியாள்வார் என்று எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். பூமியைத் தோண்டித் தோண்டிப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவருடைய பன்னிரண்டு கையெழுத்துகள்.

இதை மன்னிப்பைப் பற்றிய கதை என்று நினைத்து யாரும் வாசிக்க வேண்டாம். மன்னிக்கிறவர்கள் நல்லவர்கள். நான் உருத்திரபுரத்து வயல்காரரின் மகள். வாய்க்கால் தண்ணீரை ஒருவன் இரண்டு மணித்தியாலம் கூடுதலாகத் திருப்பினால், பத்துப் போகம் போனாலும் அவனுடைய பெயரை மறக்காத ஊர் எங்களுடையது.

நான் படித்தது மண், கல், சீமெந்து, உலோகம் போன்ற பொருள்களைப் பற்றிய பொறியியல். தெற்கே போய் நாலு வருடம் படித்துவிட்டு வந்தபோது, "மண்ணைப் பற்றிப் படிக்க இஞ்ச இல்லாத மண்ணோ பிள்ளை அங்க இருக்கு?" என்று பக்கத்து வளவுக்காரர் கேட்டார். அப்பா போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். வீட்டு முன் விறாந்தைச் சுவரில் ஓர் ஆணியை அடித்தார்.

அந்த ஆணி எதற்கென்று சொல்வதற்கு முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பொருள்களோடும் சுரங்கங்களோடும் மாரடிக்கிற பொறியியலாளர்களுக்கான சங்கம். சம்பளமோ வேலையோ அது தருவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை மண்டபமொன்றில் கூட்டி வைத்துப் பிளேன்ரீயும் பற்றிசும் தரும். ஆனால் ஒருவருடைய சொல்லுக்கு எடை இருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கும். பட்டம் பெற்ற பிறகு மூத்த பொறியியலாளர் ஒருவரின் கீழ் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பக்கமாகச் செய்த வேலையைப் பயிற்சிப் பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு கையெழுத்து. அதற்குப் பிறகுதான் நேர்முகம். அதில் தேறினால் பட்டயப் பொறியியலாளர். "இந்தக் கிரவல் மண் வீதிக்கு உதவாது" என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்தால் லொறி திரும்பிப் போகும். அது இல்லாவிட்டால் நான் எழுதுவது வெறும் கடதாசி.

இந்த ஏற்பாட்டை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். குளக்கட்டு ஒன்று உடைந்தால் கீழே இருக்கிற வயலெல்லாம் போகும். கட்டுக்கு மண் தேர்ந்தெடுத்தவனுக்குப் பொறுப்பு இருக்கத்தான் வேண்டும். அதனால் என் கோபம் சங்கத்தின் மேல் இல்லை. அதன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் மேல்தான்.

அவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். வவுனியாவில் மண்ணும் கல்லும் சோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்று வைத்திருந்தார். எப்போதும் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு. சப்பாத்தில் ஒரு தூசி பட்டாலும் கடதாசி எடுத்துத் துடைப்பார். மண் சோதிக்கிற மனிதருக்கு மண் பிடிக்காது என்பதை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். சங்கத்தின் கிளைக் கூட்டங்களில் தொழில் ஒழுக்கம் பற்றி அவரைப் போலப் பேச ஆள் இல்லை. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் மூன்று மாதம் முடிந்ததும் பதிவேட்டை அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"வையும், பாக்கிறன்" என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். பதிவேடு வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் அவருடைய பிளேன்ரீக் கோப்பை இருந்தது. கோப்பையை எடுத்தபோது நீல மட்டையில் வட்டமாக ஒரு கறை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். அடுத்ததையும் எழுதிக்கொண்டு வாரும், சேர்த்து வைக்கிறன்" என்றார். ஆறாம் மாதமும் அதே கதை. ஒன்பதாம் மாதம் அவர் கொழும்புக்குப் போய்விட்டார். வருட முடிவில் பேனையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பேனை திரும்பவும் சட்டைப் பைக்குள் போனது.

அந்த வருடம் நான் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அப்பா கேட்பார்: "கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"வைப்பார் அப்பா."

"ஓம் ஓம், பெரிய ஆக்கள். நேரம் கிடைக்க வேணும்தானே" என்பார். சங்கம் தருகிற சான்றிதழை மாட்டுவதற்கு அடித்த ஆணியில், சும்மா இருக்கக்கூடாது என்று கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

இரண்டாம் வருடம் கிரவல் மேடுகளை அளவிடுகிற வேலை வந்தது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் வீதி போடுகிற காலம். எந்த மேட்டுக் கிரவல் பாரம் தாங்கும் என்று பார்க்கப் பன்னிரண்டு இடத்தில் சோதனைக் குழி வெட்ட வேண்டும். குழிக்கு ஒரு சாக்கு மாதிரி. சாக்குகளை வவுனியாவுக்குக் கொண்டுவந்து காயவைத்து, அரித்து, இறுக்கி, நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு இயந்திரத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டும். வருகிற எண்தான் அந்த மண்ணின் பலம். களத்துக்கு நான் போனேன். சேர் வரவில்லை. "வெயில் எனக்கு ஒத்துவராது" என்றார். வெயில் எனக்கு மட்டும் மச்சானா என்று கேட்க அன்று வாய் வரவில்லை.

குழி வெட்டுகிறவர்களுக்குத் தலைவராகத் தர்மபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அவர் பிறந்தது வளர்ந்ததெல்லாம் இங்கே. காலபோகத்துக்கு வயல், மற்ற நாட்களில் மண்வெட்டி. அலவாங்கை ஒரு தடவை குத்திவிட்டு, உள்ளே கல்லா களியா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். முதல் குழி தர்மபுரத்துக்கு அங்கால், ஒற்றைப் பாலை மரத்துக்குக் கீழே. கண்ணிவெடி எடுத்து முடித்த காணி. தலையில் வெள்ளை பூசிய தடிகள் இன்னும் கறையான் தின்னாமல் நின்றன.

முதல் சாக்கைக் கட்டியதும் அவர் இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றில் கொஞ்சம் எடுத்துச் சாக்கின் வாயில் ஒரு பொட்டு வைத்தார். அதைத் தூக்கி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் போட்டபடி "லாபம்" என்றார். அடுத்த குழியில் "ரெண்டு". அதற்கு அடுத்ததில் "மூண்டு". இரண்டாவது சாக்கிலிருந்து கரியால் இலக்கம் எழுதினார். முதல் சாக்கில் பொட்டு மட்டுந்தான்.

"முதல் சாக்குக்கு இலக்கம் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"முதல் அளவை ஒண்டு எண்டு சொல்லக்கூடாது மிஸ். ஒண்டெண்டால் ஒண்டோட நிண்டுடும். லாபம் எண்டுதான் தொடங்க வேணும். உங்கட வீட்டில நெல் அளக்கிறேல்லையோ?"

எப்படி இல்லாமல்? சூடடித்த களத்தில் அப்பாவும் முதல் மரைக்காலை "லாபம்" என்றுதான் சொல்லிக் கொட்டுவார். அவர் கேட்ட பிறகு எனக்கு அதில் புதினம் ஒன்றும் தெரியவில்லை. அவர் வைத்தது போலவே என் களக் கொப்பியிலும் முதல் வரியில் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பொட்டு வைத்தேன். இரண்டாவது வரியிலிருந்து இரண்டு, மூன்று, நாலு. பிறகு அப்படியே பயிற்சிப் பதிவேட்டிலும் எழுதினேன். படித்த பொறியியலாளர் எவரும் செய்யாத வேலைதான். அது பிழை என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் திறந்து பார்க்கவே இல்லையே.

பாலை மரத்தடிச் சாக்குத்தான் இருக்கிறதிலேயே மோசம். அதன் பலம் பதினெட்டு. மற்றவை முப்பதை ஒட்டி நின்றன. பன்னிரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால் சராசரி இருபத்தொன்பது. அந்த எண்ணைக் களக் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடிட்டு வைத்தேன். என் வாழ்க்கையில் நானே நின்று, நானே தோண்டுவித்து, நானே சோதித்த முதல் எண் அது.

மூன்றாம் வருடம் முடிந்த அன்று பன்னிரண்டு பக்கத்தோடும் சேரின் முன்னால் போய் நின்றேன். இருக்கச் சொல்லவில்லை. பதிவேட்டை விரலால் தள்ளினார்.

"ஏன் இவ்வளவு அவசரம்? பட்டயம் கிடைச்சால் உடன வெளிக்கிட்டுப் போறதுக்கோ?"

"இல்லை சேர். மூண்டு வருசம் முடிஞ்சுது. விதிப்படி..."

"விதியை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். நான் கையெழுத்து வைக்கிறதெண்டால் அந்த ஆள் எஞ்சினியர் எண்டு நான் சாட்சி சொல்லுறன். நீர் வயல்காரற்ற பிள்ளை. உமக்குச் சாக்கு எண்ணத் தெரியும். எஞ்சினியரிங் வேற."

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். ஆய்வுகூடத்தில் வேலை செய்த மற்ற இருவரும் தலையைக் குனிந்து அரிதட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். களக் கொப்பி அங்கேயே கிடந்தது. பேருந்தில் கிளிநொச்சி வரும்வரை நான் அழவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை இரண்டு நாள் வலித்தது.

கையெழுத்து இல்லாத மூன்று வருடம் சங்கத்தின் கணக்கில் நடக்காத மூன்று வருடம். நான் புத்தளம் பக்கம் ஒரு கல்லுடைக்கிற இடத்துக்குப் போய், இன்னொருவரின் கீழ் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அவர் அதிகம் பேசாத மனிதர். மூன்று மாதம் முடிகிற அன்று தானே வந்து "கொப்பி எங்கே?" என்று கேட்டுக் கையெழுத்து வைப்பார். இவ்வளவுதானா இது என்று முதல் தடவை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேனை மூடியைக் கழற்றி, எழுதி, மூட அரை நிமிடம் கூடப் போகவில்லை.

அந்த இரண்டாம் பதிவேட்டில் ஒன்பதாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா செத்துப்போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்: "வைச்சிட்டாரோ?" அவர் கேட்டது புதியவரைப் பற்றி அல்ல, வவுனியாக்காரரைப் பற்றி. அவரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்பாவுக்கு நான் சொல்லவே இல்லை. "வைச்சிட்டார் அப்பா" என்று பொய் சொன்னேன். சான்றிதழ் வந்தபோது அதை அந்த ஆணியில் மாட்டினேன், ஆணி துருப்பிடித்திருந்தது. சேரின் மேல் எனக்கிருந்தது அதுவரை கோபம் மட்டுந்தான். அன்றைக்குத்தான் அது பழியாக மாறியது.

வருடங்கள் போயின. நான் கிளிநொச்சிக்கே திரும்பி வந்து வேலை செய்தேன். நாயாற்றுப் பக்கத்து மணல், குளக்கட்டுக் களி, பாடசாலைக் கட்டடத்துக் கொங்கிரீட் என்று என் கையெழுத்துக்கும் எடை வந்தது. சங்கக் கூட்டங்களில் சேரைக் காண்பேன். "ஆ, எங்கட பிள்ளை" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லுவார். நான் சிரிப்பேன். பழைய பதிவேடு என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில், தேநீர்க் கறையோடு இருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு அலுமாரி துடைக்கிறபோது அதையும் எடுத்துத் துடைத்து வைப்பேன். கறையை மட்டும் துடைக்க மாட்டேன்.

சங்கத்தில் பட்டயத்துக்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. முதுநிலை உறுப்பினர். அந்தப் படி ஏறினால்தான் தலைவர் பதவிக்கு நிற்கலாம். அதற்கு, தானே செய்த பெரிய வேலை ஒன்றைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை அந்த இடம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். போன வருடம் அப்படி ஒன்று எனக்கு வந்தது. வன்னிக் கிரவல் மேடுகளின் பலம் பற்றியது. எழுதியவர் சேர்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "நானே களத்தில் நின்று எடுத்த பன்னிரண்டு மாதிரிகள்" என்று எழுதியிருந்தார். ஆறாம் பக்கத்தில் அட்டவணை. பக்கத்தின் உச்சியில் இரண்டாம் இலக்கத்தோடு தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது. ஒன்று என்ற வரியே இல்லை. வேகமாகப் பார்க்கிறவர்கள் அது முன் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துப் புரட்டிவிடுவார்கள். நான் முன் பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. நான் விட்டுவந்த களக் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சுச் செய்தவர், இலக்கம் இல்லாத வரியை ஏதோ கறை என்றோ தலைப்பு என்றோ நினைத்து விட்டிருக்கிறார். கீழே சராசரி மட்டும் என்னுடையது. இருபத்தொன்பது.

கதிரையை விட்டு எழும்பிக் குசினிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன்.

அறிக்கையோடு ஒரு படிவமும் வந்திருந்தது. "இந்த விண்ணப்பதாரரோடு உங்களுக்கு முன் தொடர்பு உண்டா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். "இல்லை"க்குப் புள்ளடி போட்டால், நான் யார் என்று தெரியாமலே அவரை வெட்டிவிடலாம். "ஆம்" என்றால் கருத்துச் சொல்கிற உரிமை போய்விடும். முறைப்பாடு செய்து, ஒழுக்கக் குழுவின் முன்னால் நேரே போய் நிற்க வேண்டிவரும். மூன்று நாள் அந்தப் படிவம் மேசையில் கிடந்தது. நான் நேர்மையானவள் என்பதால் "ஆம்" போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்குப் பின்னால் நின்று எறிந்தால் எறிந்தது யார் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும். அடிபடுகிறபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் அடிபட வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே சாட்சி பயிற்சிப் பதிவேடு. குழுவின் செயலாளர் தொலைபேசியில் சொன்னார்: "மேற்பார்வையாளற்ற கையெழுத்து இல்லாட்டி அது வெறும் கொப்பி. நீங்கள்தான் பிறகு அவற்ற அறிக்கையைப் பாத்து எழுதினீங்கள் எண்டும் அவர் சொல்லலாம்." அவர் கையெழுத்து வைக்காததால் என் மூன்று வருடம் போனது. அதே காரணத்தால் அவருடைய களவும் தப்பப் பார்த்தது. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்டால், எங்கள் தொழிலில் கையெழுத்து வைக்காதவன்தான் பெரியவன்.

தர்மபுரத்துக்குப் போனேன். குழி வெட்டியவர் முற்றத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"முதல் சாக்கை விட்டுட்டாரோ? லாபத்தையோ?" என்று கேட்டார். களவைவிட அதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. பிறகு கொஞ்ச நேரம் உளுந்தைக் கிளறிவிட்டு, "வயசான மனுசன் மிஸ். விடுங்கோவன்" என்றார்.

"விடமாட்டன்."

என்னைப் பார்த்தார். "அப்ப நானும் வாறன்" என்றார்.

விசாரணை வவுனியாவில் ஒரு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. குழுவில் மூன்று பேர். தலைமை தாங்கியவர் கிழக்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியியலாளர், காது கொஞ்சம் மந்தம், கண் நல்ல கூர்மை. என் முறைப்பாட்டை உறையில் போட்டு ஒட்டி அவரிடம் முன்பே கொடுத்திருந்தேன். சேரைக் கேள்வி கேட்டு முடித்த பிறகு அதைத் திறக்கும்படி கேட்டிருந்தேன். அவர் ஒத்துக்கொண்டார். சேர் உள்ளே வந்தபோது மேசை ஓரத்தில் என்னைக் கண்டார். அதே வெள்ளைச் சேட்டு. "ஆ, எங்கட பிள்ளை" என்றார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

குழுத் தலைவர் அறிக்கையின் ஆறாம் பக்கத்தைத் திருப்பினார். "முதலாவது மாதிரி எங்க?"

சேர் ஒரு கணந்தான் தடுமாறினார். "அது ஈரத்தில பழுதாப் போச்சு. விட்டுட்டம்."

"விட்டதெண்டால் மிச்சம் பதினொண்டு. கூட்டினால் முந்நூற்று முப்பது. பதினொண்டால பிரிச்சால் முப்பது வரவேணும். நீங்கள் இருபத்தொன்பது எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"தட்டச்சுப் பிழையா இருக்கும்."

"இருக்கலாம்." தலைவர் என் உறையைக் கிழித்துத் திறந்தார். அதில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். "முதல் சாக்கு தர்மபுரத்துக்கு அங்கால், பாலை மரத்தடிக் குழி. இலக்கம் இல்லை, பொட்டு மட்டும். பலம் பதினெட்டு." பிறகு ஒரு கடதாசியில் மெதுவாகப் பெருக்கினார். இருபத்தொன்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் முந்நூற்று நாற்பத்தெட்டு. அதில் முந்நூற்று முப்பதைக் கழித்தார். கடதாசியைச் சேரின் பக்கம் திருப்பி வைத்தார். பதினெட்டு.

குழுவின் மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

சாட்சியைக் கூப்பிட்டார்கள். தோய்த்த வேட்டியோடு தர்மபுரத்துக்காரர் வந்து நின்றார். கதிரை காட்டியும் இருக்கவில்லை.

"முதல் சாக்குக்கு ஏன் இலக்கம் போடேல்லை?" என்று தலைவர் கேட்டார்.

"நான் எண்டைக்கும் போடுறேல்லை ஐயா. முதல் சாக்கு லாபம். ரெண்டாவதில இருந்துதான் இலக்கம்."

"இந்த ஐயாவைத் தெரியுமோ?"

சேரைத் தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார். "கண்டிருக்கிறன் ஐயா, வவுனியாவில, சாக்கு இறக்கேக்க. குழிப்பக்கம் ஒரு நாளும் கண்டதில்லை. மிஸ்தான் நிண்டவா. மழைக்குள்ளயும் நிண்டவா."

சேரின் நெற்றியில் வியர்வை வந்தது. கைக்குட்டையைத் தேடினார், அகப்படவில்லை. என் நெஞ்சு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வியர்வையை என் அப்பா பார்த்திருக்க வேண்டும்.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. முதுநிலை விண்ணப்பம் தள்ளுபடி. இனிமேல் அவரின் கீழ் எந்தப் பயிற்சியாளரும் பதியக்கூடாது. அந்த வேலை யாருடையது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டால் உறுப்புரிமை மிஞ்சும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் போகும். பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார். "முறைப்பாட்டுக்காரர் என்ன கேக்கிறா?"

இந்தக் கேள்விக்கு நான் பத்து வருடமாகப் பதில் வைத்திருந்தேன். பையைத் திறந்து, நீல மட்டைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தேன். தேநீர்க் கறை மேலே தெரிந்தது.

"ஒத்துக்கொள்ளுறதை அவர் வேற கடதாசியில எழுத வேண்டாம் ஐயா. இதில கையெழுத்து வைக்கட்டும். பன்னிரண்டு பக்கத்திலயும். இண்டையத் திகதியைப் போட்டு."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேற்பார்வையாளர் எவ்வளவு காலத்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அவர் சிரித்ததை அன்று முதன்முதலாகக் கண்டேன். "தடையில்லை" என்றார்.

சேர் என்னைப் பார்த்தார். "உமக்கு இது இப்ப ஏன்? உமக்குத்தான் பட்டயம் கிடைச்சிட்டுதே." குரல் தாழ்ந்திருந்தது. கெஞ்சல் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குக் கிட்டத்தான் நின்றது. அவர் சொன்னது உண்மைதான். எனக்கு அந்தக் கையெழுத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத்தான் அது நட்டம்.

"வையுங்கோ சேர்" என்றேன்.

சட்டைப் பையைத் தடவினார். "பேனை கொண்டு வரேல்லை."

என்னுடையதை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினேன். வாங்கினார். நான் பக்கத்தில் நின்று முதல் பக்கத்தைத் திறந்து பிடித்தேன். எழுதினார். அவருடைய கையெழுத்து நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது.

"லாபம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். விளங்கிவிட்டது. கதவோரம் நின்ற தர்மபுரத்துக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சாக்கு எண்ணத் தெரியும் எண்டு சொன்னனீங்கள்தானே சேர்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "ரெண்டு."

அவர் குனிந்து எழுதினார். பன்னிரண்டு வரைக்கும் சத்தமாக எண்ணினேன். ஒன்றையும் விடவில்லை.